கடல் தொழிலுக்குப் போகிறவன் கண்ணுக்கு லேசிக்கா, ஸ்மைலா, பிஆர்கேயா?

பாம்பன் தென்கடல்
மார்ச் 8, இரவு 10.40

எல்லோருக்கும் வணக்கம். கண்ணாடியை விடுவதற்கான லேசர் ஆபரேஷன் மூன்றில் எதைச் செய்வது என்று கேட்கத்தான் இந்தப் பதிவு. ஊர் பாம்பன், வயது 26. படித்தது பி.காம்., பார்ப்பது அண்ணனோடு விசைப்படகில் கடல் தொழில். ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி. இப்போது வலது கண் மைனஸ் 5.25, சிலிண்டர் (கண்ணின் வளைவு சீராக இல்லாததற்கான பவர்) 0.75. இடது கண் மைனஸ் 4.75, சிலிண்டர் 0.5. இரண்டு வருடமாகப் பவர் நகரவில்லை.

கண்ணாடியோடு கடலுக்குப் போகிறவனுக்குத்தான் இந்த அவதி தெரியும். அணியத்தில் (படகின் முன்பக்கம்) ஐந்து நிமிடம் நின்றால் கண்ணாடி முழுக்க உப்புப் பூத்துவிடும். சட்டையில் துடைத்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் கழுவலாம் என்று குடிதண்ணீர் கேனைத் தொட்டால் அண்ணன் ஏசுவார். மூன்று வருடத்தில் மூன்று கண்ணாடியைக் கடலுக்குக் கொடுத்திருக்கிறேன். மூன்றாவது போனது ராத்திரி இரண்டு மணிக்கு, மடியை (மீன் சேர்கிற வலைப் பை) படகில் வாங்குகிற நேரம். வலை இழுக்கிற வின்ச் கயிறு உதறியதில் கண்ணாடி பறந்தது, கண் தப்பியது. அப்புறம் விடியும்வரை எதிரே வந்த படகு லைட் ஒவ்வொன்றும் பூசணிப் பூ மாதிரி விரிந்து தெரிந்தது. தூரத்தில் நிற்பது நம் ஊர்ப் படகா, இலங்கை நேவியா என்பதை அண்ணனிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், இந்தக் கண்ணுக்கு ஒரு வழி பண்ணியே ஆக வேண்டும் என்று.

காண்டாக்ட் லென்ஸும் போட்டுப் பார்த்தேன். மீன் அள்ளிய கையால் லென்ஸைத் தொட முடியுமா? ஒரு தடவை மடியில் சொறி (ஜெல்லி மீன்) ஏறி வந்து, அந்தத் தண்ணீர் கண்ணில் தெறித்தது. கழற்றவும் வழியில்லை, கரை சேரும்வரை எரிந்துகொண்டே இருந்தது. இப்போது கரையில் இருக்கிற நாளில் மட்டும் போடுகிறேன்.

போன வாரம் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அரை மணி நேரத்தில் எல்லாப் பரிசோதனையும் முடிந்தது. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னாலேயே கவுண்டரில் இருந்த பெண் ஒரு தாளில் மூன்று விலை எழுதிக் கொடுத்தார். பிஆர்கே 38 ஆயிரம், ஃபெம்டோ லேசிக் 75 ஆயிரம், ஸ்மைல் 1 லட்சத்து 15 ஆயிரம். "ஸ்மைல்தான் சார் லேட்டஸ்ட். பிஆர்கே எல்லாம் பழசு, வலிக்கும்" என்றார். இந்த மாதத்துக்குள் பணம் கட்டினால் பத்து சதவீதம் தள்ளுபடியாம். எனக்கு ஆடி மாதத் துணிக்கடை ஞாபகம் வந்தது. டாக்டர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "உங்களுக்கு எது வேண்டுமானாலும் செய்யலாம்" என்றார். அதுதான் எனக்குக் குழப்பமாகிவிட்டது. எது வேண்டுமானாலும் செய்யலாம் என்றால் ஏன் மூன்று விலை?

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அதற்குள் செய்தால் வருமானம் போகாது. கேள்வி இவ்வளவுதான்: புதுசுக்குக் கூடுதலாகக் கொடுக்கிற 40 ஆயிரத்தில் எனக்கு என்ன கிடைக்கும்? பழசு என்று தள்ளுகிற பிஆர்கேயை யாராவது செய்திருக்கிறீர்களா? அப்புறம், கயிறும் உப்புத்தண்ணீரும் படுகிற வேலைக்கு எது தாங்கும்?


அரண்மனை வாசல்
மார்ச் 9, காலை 7.15

தம்பி, நான் ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறேன். 2014-ல் லேசிக் செய்தேன், இரண்டு கண்ணும் மைனஸ் 4. இன்றுவரை ஒரு குறையும் இல்லை. வலி என்று சொல்ல ஒன்றும் கிடையாது, அன்று சாயங்காலம் வரைக்கும் கண்ணில் மிளகாய்க் கை பட்ட மாதிரி ஓர் எரிச்சல், அவ்வளவுதான். மறுநாள் காலை கட்டிலில் படுத்தபடியே சுவர்க் கடிகாரத்தில் மணி பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஒரு கூத்து மட்டும் நடந்தது. பத்தாவது நாள் பெங்களூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், ராமேஸ்வரம் கூட்டிப்போ என்று. 22 தீர்த்தமும் ஆட வேண்டும் என்றார்கள். நான் குளிக்க மாட்டேன், வேடிக்கை பார்க்கிறேன் என்று சொல்லித்தான் உள்ளே போனேன். ஏழாவதோ எட்டாவதோ கிணற்றில் வாளியோடு நின்றவருக்கு நான் யார், ஆபரேஷன் என்ன என்று எப்படித் தெரியும்? முகத்திலேயே ஊற்றிவிட்டார். கண் சிவந்து, அடித்துப் பிடித்து மதுரைக்கு ஓடினேன். ஃபிளாப் (லேசிக்கில் சீவித் திறந்து மூடுகிற மேல் படலம்) நகரவில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு வாரம் கூடுதலாக மருந்து விட்டேன்.

ராத்திரி எதிரே வருகிற லாரி வெளிச்சத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரியும். ஆறு மாதம் இருந்தது, பிறகு குறைந்துவிட்டது. என் ஓட்டு லேசிக்குக்கு. லட்சக்கணக்கான பேர் செய்து பார்த்தது, இதில் பயப்பட என்ன இருக்கிறது?


உச்சிப்புளி
மார்ச் 9, மதியம் 1.30

நான் ஸ்மைல் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது. வேலை வங்கியில், நாள் முழுக்கக் கம்ப்யூட்டர், தலைக்கு மேல் ஏசி. எனக்கு முன்பிருந்தே கண் கொஞ்சம் வறட்சிதான். லேசிக் செய்தால் வறட்சி கூடும் என்று டாக்டர் சொன்னதால் இதற்குப் போனேன். முதல் மூன்று நாள் புகைக்குள் பார்ப்பது போல இருந்தது. அரண்மனை வாசல் அண்ணன் மாதிரி மறுநாளே கடிகாரம் எல்லாம் தெரியவில்லை. ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. வறட்சிக்குச் சொட்டு மருந்து நான்கு மாதம் விட்டேன், இப்போது இல்லை.

செலவுக்குச் சீட்டுப் பணம் எடுத்தேன். இன்சூரன்ஸில் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை.


கீழக்கரை லாத்தா
மார்ச் 9, இரவு 11.05

தம்பி, நான் கீழக்கரைக்காரி, எங்கள் ஊரில் லாத்தா என்றால் அக்கா. மதுரையில் பதினோரு வருடமாக ஆப்டோமெட்ரிஸ்ட். ஆபரேஷன் செய்கிற ஆள் இல்லை, அதற்கு முன்னால் அளக்கிற ஆள். அதனால் என் புத்தி அளவில்தான் ஓடும்.

உங்கள் பதிவில் பவர் இருக்கிறது, விலை இருக்கிறது, தள்ளுபடிகூட இருக்கிறது. உங்கள் கார்னியா எத்தனை மைக்ரான் என்பது இல்லை. அது தெரியாமல் இந்த மூன்றில் எது என்று கேட்பது, தண்ணீர் எத்தனை பாகம் ஆழம் என்று பார்க்காமல் படகு வாங்கப் போவது மாதிரி.

கார்னியா என்பது கண்ணுக்கு முன்னால் இருக்கிற கண்ணாடி போன்ற படலம். சராசரியாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டரைவிடச் சற்றே அதிகம். இந்த மூன்று ஆபரேஷன்களுமே இந்தப் படலத்திலிருந்துதான் சதையை எடுக்கின்றன. எந்த வழியாகப் போய் எடுப்பது என்பதில்தான் வித்தியாசம். பிஆர்கேயில் மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு, அடியில் எக்ஸைமர் லேசரால் இழைக்கிறார்கள். தோல் சில நாளில் தானாக வளர்ந்து மூடும். லேசிக்கில் மேலே ஒரு மூடியைச் சீவித் திறந்து, அடியில் அதே எக்ஸைமரால் இழைத்து, மூடியைத் திருப்பி வைக்கிறார்கள். அந்த மூடிதான் ஃபிளாப். முன்பு அதை பிளேடால் சீவினார்கள், இப்போது பல இடங்களில் ஃபெம்டோ லேசரால். "பிளேடு இல்லாத லேசிக்", "கான்டூரா" என்றெல்லாம் போர்டு போட்டிருப்பார்கள். அவற்றிலும் ஃபிளாப் உண்டு. ஸ்மைலில் எக்ஸைமரே கிடையாது. ஃபெம்டோ லேசர் படலத்துக்கு உள்ளேயே ஒரு மெல்லிய வில்லையை வெட்டி வைக்கும், டாக்டர் 2 முதல் 4 மில்லிமீட்டர் கீறல் வழியாக அதை உருவி எடுப்பார். மூடி இல்லை.

உச்சிப்புளித் தங்கச்சி சொன்ன வறட்சிக்குக் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஃபிளாப்புக்காகச் சுற்றி வெட்டுவது ஏறத்தாழ 20 மில்லிமீட்டர். அந்த வட்டத்தில் கார்னியாவின் நரம்புகள் பெரும்பாலும் அறுந்துபோகும். நரம்பு உணர்ந்தால்தான் கண்ணீர் சுரக்கும். ஸ்மைலில் கீறல் சின்னது, அதனால் முதல் சில மாதம் வறட்சி குறைவு. நரம்பு திரும்ப வளர வளர, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமும் சுருங்கிக்கொண்டே வரும்.

இப்போது கணக்கு. ஒரு பவருக்கு ஏறத்தாழ 14 மைக்ரான் சதை போகும், இழைக்கிற வட்டம் ஆறரை மில்லிமீட்டர் என்று வைத்தால். உங்கள் வலது கண்ணுக்குச் சிலிண்டரும் சேர்த்து 6. ஆறு பதினாலு 84. உங்கள் கார்னியா 510 என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். லேசிக்கில் ஃபிளாப் 110. 510-ல் 110-ம் 84-ம் போனால் அடியில் மிச்சம் 316. குறைந்தது 250 மிச்சம் வேண்டும் என்பது பழைய கணக்கு, இப்போது பல டாக்டர்கள் 300-க்குக் கீழே இறங்குவதில்லை. இன்னொரு கணக்கும் உண்டு: ஃபிளாப்பும் இழைத்ததும் சேர்ந்து மொத்தக் கனத்தில் 40 சதவீதத்தைத் தொடக் கூடாது. தொட்டால், படலம் பின்னாளில் தளர்ந்து முன்னே துருத்துகிற ஆபத்து கூடும். 510-க்கு உங்கள் கணக்கு 38 சதவீதம். கோட்டுக்கு உள்ளேதான், ஆனால் கோட்டை ஒட்டி. (கடல் எல்லைக் கோட்டை ஒட்டிப் போனால் என்ன ஆகும் என்று பாம்பன்காரருக்கு நான் சொல்லவா வேண்டும்?)

பிஆர்கேயில் மேல்தோல் 50 மைக்ரான்தான் கணக்கு. மிச்சம் 376. ஸ்மைலில் வில்லைக்கு மேலே திறக்காமல் விடுகிற மூடாக்கு 120 மைக்ரான். வில்லை கிழியாமல் வர வேண்டுமே, அதனால் அடியில் 15 மைக்ரான் கூட்டி வெட்டுவார்கள். ஆக அதே பவருக்கு லேசிக்கைவிடக் கொஞ்சம் அதிகச் சதை போகும், அடியில் மிச்சம் 291. ஆனால் ஸ்மைலில் மேல் மூடாக்கு வெட்டுப்படாமல் வலுவோடு நிற்கிறது, லேசிக் ஃபிளாப் அப்படி நிற்காது, ஆகையால் இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பார்கள் ஸ்மைல் செய்கிறவர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

பழசு என்று அந்தப் பெண் சொன்னதைப் பற்றி ஒன்று. 1981-ல் அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வகத்தில் வேலை பார்த்த ரங்கசாமி சீனிவாசன், பண்டிகை விருந்தில் மிஞ்சிய வான்கோழியை மறுநாள் ஆய்வகத்துக்கு எடுத்துப்போய் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார். 193 நானோமீட்டர் புறஊதாக் கதிர். பக்கத்துச் சதை கருகாமல், பாய்ச்சிய இடம் மட்டும் மயிரிழை சுத்தமாக ஆவியாகிப் போனது. கார்னியாவை இந்த லேசரால் இழைக்கலாம் என்ற யோசனை அங்கிருந்து கிளம்பியதுதான். அவர் பிறந்தது நம் மெட்ராஸில். பிஆர்கேக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி கிடைத்தது 1995-ல், ஸ்மைலுக்கு 2016-ல், சிலிண்டர் பவரோடு சேர்த்து ஸ்மைல் செய்ய 2018-ல். ஆக பழசு என்பதற்கு, நீண்ட நாள் பார்த்தாகிவிட்டது என்றும் ஒரு பொருள் உண்டு. ஒரு வருடம் கழித்து உட்கார வைத்து எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னால், மூன்றில் எதைச் செய்தவர் என்று எனக்கு அடையாளம் தெரியாது. முதல் மாதம்தான் வேறுபடும்.

உங்கள் வேலைக்கு வருகிறேன். நீங்கள் எழுதியதில் என்னை நிறுத்திய வரி வின்ச் கயிறு. ஃபிளாப் ஓரத்தில் ஒட்டிக்கொள்ளுமே தவிர, பழைய பலத்துக்கு ஒருநாளும் வராது. கிளை, விரல் நகம், கயிறு என்று கூர்மையாக அடிபட்டு, வருடங்கள் கழித்தும் ஃபிளாப் நகர்ந்தவர்கள் உண்டு. அபூர்வம்தான். செல்போன் கடைக்காரருக்கு அந்த அபூர்வத்தைப் பற்றிக் கவலையில்லை. உங்களுக்கு வாரத்துக்கு மூன்று நாள் கயிற்றோடு வேலை. உங்கள் இடத்தில் என் தம்பி இருந்தால் ஃபிளாப் இல்லாத இரண்டில் ஒன்றைத்தான் செய்யச் சொல்வேன். பிஆர்கேயா ஸ்மைலா என்பதை உங்கள் கார்னியா சொல்லட்டும்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு கேள்வி. பரிசோதனைக்கு முந்தைய நாள் லென்ஸ் போட்டிருந்தீர்களா? சாஃப்ட் லென்ஸ் என்றாலும் ஒன்று இரண்டு வாரம் கழற்றி வைத்த பிறகுதான் அளக்க வேண்டும். லென்ஸ் கார்னியாவின் வடிவத்தை அமுக்கி மாற்றிவிடும். அந்த அளவை நம்பி லேசர் வைத்தால் சட்டை வேறொருவருக்குத் தைத்த மாதிரி. இன்னொன்று, கண்ணைக் கசக்குகிற பழக்கம் உண்டா? கசக்குகிற கண்ணில் கார்னியா கூம்பு மாதிரி துருத்தத் தொடங்கியிருக்கிறதா என்று டோபோகிராபி (கார்னியாவின் வடிவத்தைக் காட்டுகிற) படத்தில் பார்க்க வேண்டும். அப்படி இருந்தால் லேசிக், ஸ்மைல், பிஆர்கே மூன்றுமே வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். படலம் வெறுமே மெல்லியதாக இருந்தால் ஐசிஎல் என்று உள்ளே ஒரு லென்ஸ் வைக்கிற வழி உண்டு. சதை எதுவும் போகாது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். விலைதான் இது எல்லாவற்றுக்கும் மேலே போகும்.

மருந்து விட்டுப் பாவையை விரித்து விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். மைனஸ் கண் நீளமான கண், விழித்திரை ஓரத்தில் மெலிந்து ஓட்டை இருக்கலாம். லேசர் முன்பக்கத்தைத்தான் மாற்றும், கண்ணின் நீளத்தை அல்ல. கண்ணாடி போன பிறகும், திடீரென்று மின்னல் வெட்டுவது போலவோ கரும்புள்ளி கொட்டுவது போலவோ தெரிந்தால் அன்றைக்கே ஓட வேண்டும்.

இன்சூரன்ஸ்: 7.5-க்குக் கீழே உள்ள பவருக்கு மருத்துவக் காப்பீட்டில் பணம் வராது, அது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் பொது விலக்கில் இருக்கிறது. அலைய வேண்டாம்.


பாம்பன் தென்கடல்
மார்ச் 10, காலை 5.50

லாத்தா, உங்கள் பதிவை அண்ணனுக்கும் வாசித்துக் காட்டினேன். ஆறு பதினாலு என்ற இடத்தில் அவரும் கூடவே கணக்குப் போட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முந்தைய நாள் என்ன, மதுரை பஸ்ஸில் போகும்போதே லென்ஸ் போட்டுக்கொண்டுதான் போனேன். அங்கே உட்கார வைத்து, கழற்றச் சொல்லி, பத்து நிமிடத்தில் அளந்தார்கள். எப்போதிலிருந்து போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. கசக்குகிற பழக்கமும் உண்டு. உப்பு அரித்தால் கசக்காமல் என்ன செய்வது? இன்றிலிருந்து லென்ஸ் டப்பாவை அம்மா கையில் கொடுத்துவிட்டேன்.


சங்குகுளி, பெரியபட்டினம்
மார்ச் 10, இரவு 9.20

தம்பி பிஆர்கே செய்தவர்கள் உண்டா என்று கேட்டிருந்தார். நான் உண்டு. 2019, மைனஸ் 3. சங்கு குளிக்கிற வேலை, முகத்தில் மாஸ்க் அமுங்கும், அதனால் ஃபிளாப் வேண்டாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார்.

ஆபரேஷன் ஒன்றுமில்லை. கண்ணுக்கு மரத்துப்போகிற மருந்து, ஒரு பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டும், ஒரு மாதிரி மயிர் கருகுகிற வாடை வரும். பத்து நிமிடத்தில் எழுப்பிவிட்டார்கள். அப்போது சிரித்துக்கொண்டுதான் வந்தேன். ராமநாதபுரம் தாண்டும்போது மருந்து இறங்கியது. கண்ணில் கடற்கரை மணலை அள்ளிப் போட்டு மூடிக் கட்டினால் எப்படி இருக்கும்? அப்படி. முதல் இரண்டு ராத்திரி தூக்கமில்லை. ஜன்னலுக்குப் போர்வை கட்டி, இருட்டறையில் படுத்துக் கண்ணீராக ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் வெங்காயம் நறுக்கக்கூட விடவில்லை. நான்காம் நாள் வலி போய்விட்டது, ஐந்தாம் நாள் மேலே போட்டிருந்த கட்டு லென்ஸை எடுத்தார்கள். அந்தப் பெண் வலிக்கும் என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் நான்கு நாள் வலிக்காகப் பயந்து 77 ஆயிரம் கூடக் கொடுப்பதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

பார்வை மெதுவாகத்தான் வந்தது. மூன்று வாரம் செல்போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தேன். ஒரு மாதத்தில் எதிர்வீட்டுக் கூரையில் ஓடு எண்ண முடிந்தது.

என் மடத்தனத்தையும் சொல்கிறேன், நீங்கள் செய்ய வேண்டாம். மூன்று மாதம் குறைத்துக் குறைத்து விடச் சொன்ன ஸ்டீராய்டு சொட்டு மருந்தை, மூன்றாவது வாரமே நிறுத்திவிட்டேன். தெரிகிறதே, அப்புறம் என்ன மருந்து என்று. கறுப்புக் கண்ணாடியும் போடாமல் வெயிலில் அலைந்தேன். இரண்டாம் மாதம் வலது கண்ணில் பனி விழுந்த மாதிரி ஒரு மங்கல். மேல் படலத்தில் தழும்பு கட்டுகிறது, வெயில்தான் இதை வளர்க்கும் என்று டாக்டர் ஏசினார். திரும்ப மருந்து, அதற்காகக் கண் அழுத்தம் பார்க்க நடையாய் நடந்தது வேறு. நல்ல காலம், கரைந்துவிட்டது. நம் கரை வெயில் மேலே இருந்து ஒரு பங்கு, தண்ணீரிலிருந்து ஒரு பங்கு அடிக்கும். பக்கவாட்டு மூடின கண்ணாடியாக வாங்குங்கள்.

ஒன்று எல்லோரும் மறந்துவிட்டீர்கள். தடைக்காலத்தில் கடல்தான் லீவு, படகுக்கு லீவா? படகைக் கரையேற்றிச் சுரண்டி, ஃபைபர் தேய்த்து, பெயின்ட் அடிப்பது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தானே. கடல் தண்ணீரைவிட அந்தத் தூசிதான் உங்களுக்கு எமன். மே கடைசியில் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் மணலும் சேர்ந்துகொள்ளும். ஏப்ரல் 15 தாண்டியதும் முதல் வேலையாகச் செய்துவிட்டு, படகு வேலையை அண்ணன் தலையில் கட்டிவிடுங்கள்.


கீழக்கரை லாத்தா
மார்ச் 10, இரவு 10.30

பெரியபட்டினத்துக் காக்கா (அண்ணன்) சொன்னதை அப்படியே பிரின்ட் எடுத்து எங்கள் ரூமில் ஒட்டலாம் என்று இருக்கிறேன். நான் எத்தனை தடவை சொன்னாலும் மூன்றாவது வாரம் மருந்தை நிறுத்துகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.


பாம்பன் தென்கடல்
மார்ச் 27, மாலை 6.10

திரும்ப வந்துவிட்டேன். பதினாறு நாள் லென்ஸ் இல்லாமல், பழைய கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் கட்டிக்கொண்டு கடலுக்குப் போனேன். நேற்று மதுரையில் வேறு ஒரு மருத்துவமனை. காலை எட்டு மணிக்கு நுழைந்தவனை மதியம் இரண்டரைக்குத்தான் விட்டார்கள். பாவையை விரிக்கும் மருந்தில் கண் கூசி, பஸ் ஸ்டாண்டில் ராமேஸ்வரம் போர்டு தெரியாமல் ஒரு பாட்டியிடம் கேட்டு ஏறினேன்.

டோபோகிராபித் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வலது 498, இடது 503. நானே கணக்குப் போட்டேன், வலது கண்ணுக்கு லேசிக் என்றால் 39 சதவீதம். டாக்டரிடம் இந்த எண்ணைச் சொன்னதும் அவர் நிமிர்ந்து பார்த்து, "யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார். எங்கள் ஊர் லாத்தா என்றேன். கூம்பு எதுவும் இல்லை, படம் சுத்தமாக இருக்கிறதாம். போன முறை தாளில் இடது சிலிண்டர் 0.5, இப்போது 1. லென்ஸ் அமுக்கி வைத்திருந்தது அவ்வளவு. அதை அப்படியே நம்பி அன்றைக்குத் தள்ளுபடியில் கட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

இடது கண் விழித்திரையில் ஓரத்தில் ஓர் இடம் மெலிந்திருக்கிறது. இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், வருடத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும் என்றார்கள்.

ஸ்மைல் செய்யலாமா என்று கேட்டேன். அடியில் மிச்சம் குறைவு, முடியாது என்று சொல்லவில்லை, உன் வேலைக்கும் உன் கனத்துக்கும் நான் பிஆர்கேதான் செய்வேன் என்றார். பவர் மிஞ்சினால் ஸ்மைல் செய்த கண்ணிலும் கடைசியில் மேல்புறமாக பிஆர்கேதான் பெரும்பாலும் செய்ய வேண்டிவரும் என்றும் சொன்னார். நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் படிக்கக் கண்ணாடி வரும், அதற்கு என்னைத் திட்டக் கூடாது என்றார். அதுவரை வலை முடிச்சுப் போடத் தெரிந்தால் போதும் என்றேன்.

ஏப்ரல் 17-க்குத் தேதி வாங்கியிருக்கிறேன். படகு வேலைக்கு இந்த வருடம் கூலிக்கு ஆள் பிடிப்பதாக அண்ணன் சொல்லிவிட்டார். முணுமுணுப்போடுதான். மிச்சமாகிற பணத்தில் பாதி அந்தக் கூலிக்குப் போய்விடும் போலிருக்கிறது. கடலில் இறங்க ஆறு வாரம் என்றால் ஜூன் 14-க்கு முன்னாலேயே கணக்கு முடிகிறது. சந்தியாகப்பர் திருவிழாவுக்குக் கண்ணாடி இல்லாமல் போய்விடலாம்.

காக்கா, அந்தப் பக்கம் மூடின கறுப்புக் கண்ணாடி எங்கே வாங்கினீர்கள்?


சங்குகுளி, பெரியபட்டினம்
மார்ச் 27, இரவு 8.45

ராமநாதபுரத்தில் ஹெல்மெட் விற்கிற கடையில் கேளுங்கள் தம்பி, பைக் ஓட்டுகிறவர்கள் போடுகிற மாதிரி இருக்கும். யுவி தடுக்கும் என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டாக வாங்குங்கள். ஒன்று எப்படியும் கடலுக்குத்தான்.